நுனியில் மட்டும் எலி

அந்த வீட்டில் அழைப்பு மணி கெட்டுப்போய் நெடுநாளாகிவிட்டது. யாரும் அதைச் சரி செய்யவில்லை, தேவைப்படவும் இல்லை. அவர் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, பையை ஆணியில் மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் அவருடைய மனைவிக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். உள்ளறையில் படித்துக்கொண்டிருக்கும் மகள் தலையைத் தூக்காமலே, "அப்பா வந்தாச்சு" என்பாள்.

"உலகத்துல எல்லா வீட்லயும் புருஷன் வந்தா பொண்டாட்டி சிரிப்பா. எனக்கு மட்டும் மூக்குல வருது பாரு" என்று மனைவி கைக்குட்டையைத் தேடுவாள்.

"பாசம் மூக்கு வழியாவும் வரும்" என்பார் அவர்.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை தொலைந்துபோய் விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. அந்தக் குரல் நிலையத்தில் ஒரு தடவைகூடத் தும்மியதில்லை. வீட்டில் மட்டும்தான் தும்மல். அதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டுமே என்று இத்தனை வருடங்களில் யாரும் யோசிக்கவில்லை. எதைப் பார்த்தாலும் காரணம் கேட்கிற அவர்கூட யோசிக்கவில்லை.

அவர் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலி வளர்ப்பவர். தெருவில் அவருக்கு எலியண்ணன் என்று பெயர். அதனால் மனைவி எலியண்ணி ஆனாள். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, "புலியண்ணின்னு கூப்பிட எவருக்கும் தைரியமில்ல, எலியோட நிறுத்திக்கிட்டாங்க" என்று சமாதானம் ஆகிவிட்டாள்.

எலியண்ணன் சின்ன வயதிலேயே கேள்வி கேட்டுக் கெட்டவர். இதயம் தானாகவே துடிக்கிறது என்று பள்ளியில் ஆசிரியர் சொன்னபோது, "அப்போ முதல் துடிப்ப யாரு சார் தட்டிவிட்டாங்க?" என்று எழுந்து கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் அவரை வெளியே நிற்க வைத்தார். வெளியே நின்றபடி மணிக்கட்டைப் பிடித்துத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் கிடைக்கவில்லை. அப்பா சந்தையில் மூட்டை தூக்குபவர். மகன் பள்ளி முடித்ததே அந்த வீட்டில் பெரிய படிப்பு. அதற்கு மேல் போக வழியில்லாமல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் காவலாளியாகச் சேர்ந்தார்.

வளாகத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்கு மட்டும் ஜன்னல் கிடையாது. அதுதான் அவரைப் பிடித்து இழுத்தது. உள்ளே என்ன என்று வருவோர் போவோரை எல்லாம் கேட்டார். உள்ளே வேலை பார்த்த ஆள் நாற்றம் தாங்காமல் வேலையை விட்ட அன்றே, தன்னை அங்கே மாற்றச் சொல்லி மேலாளரிடம் போய் நின்றார். "யோசிச்சுத்தான் சொல்றியா? காவலுக்குக் காத்து வரும், அங்க காத்தும் வராது" என்றார் மேலாளர். அவருக்குக் காற்றைவிடக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியமாக இருந்தது.

அந்தப் பக்கம் அடுக்கடுக்காகப் பெட்டிகள், பெட்டிக்குள் மரச்சீவல், சீவலுக்குள் வெள்ளை எலிகள். விளக்குகள் தானாக எரிந்து தானாக அணையும். அவருக்கு வேலை பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. எலியை வாலின் நுனியில் பிடித்தால் பதறும், அடியில் பிடித்தால் அடங்கும். குட்டி போட்ட பெட்டியை நகர்த்தினால் தாய் குட்டியையே கடித்துவிடும். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போனால் மொத்த அறையும் மூலையில் ஒண்டிக்கொள்ளும். ஒரு விதியை மட்டும் அவரே தனக்குப் போட்டுக்கொண்டார்: எந்த எலிக்கும் பெயர் வைப்பதில்லை. பெட்டிகள் மாடிக்குப் போகும், திரும்பி வராது. பெயர் வைத்தால் தேட வேண்டி வரும்.

ஆனால் கேட்காமல் விடமாட்டார். "இது எதுக்கு?"

"ஒரு ஆய்வுக்கு."

"அது தெரியும். என்ன ஆய்வு?"

பலர் சிரித்துவிட்டுப் படியேறிவிடுவார்கள். நின்று பதில் சொல்கிறவர் ஒருவர்தான். மூக்குக் கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே மேசையெல்லாம் தேடுகிற ஓர் ஆராய்ச்சியாளர். அவரை இவர் கண்ணாடி மேடம் என்பார். மேடம் இவரை அண்ணே என்பார்.

இப்படி எலியும் தும்மலுமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், மனைவியின் சீருடைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் பூட்டாமல் போனது.

"சலவைக்காரர் சட்டையச் சுருக்கிட்டார்" என்றாள் அவள்.

"ஒரு பக்கம் மட்டும் எப்படிம்மா சுருங்கும்?" என்று கேட்டாள் மகள்.

கழுத்தின் இடப் பக்கத்தில், காதுக்குக் கீழே, கோலிக்குண்டு போல ஒரு கட்டி இருந்தது. வலிக்கவில்லை. வலிக்காததால் அவள் அதை மதிக்கவில்லை. மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கட்டியிலிருந்து துளி எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கடைசியில் புற்றுநோய் டாக்டர் முன்னால் மூன்று நாற்காலியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மா வேகமாகப் பேசுகிறவர். ஆனால் முக்கியமான இடம் வந்தால் நிறுத்திவிடுவார். அது நிணநீரில் வருகிற ஒரு வகைப் புற்று என்றார். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற செல்களில் ஒரு வகை, அடங்காமல் பெருகுகிறது. "ரெண்டு மருந்து சேர்த்துக் குடுக்கப் போறோம். ஒண்ணு கீமோ. அது வேகமாப் பெருகுற எதையும் அடிக்கும், ஆள் பாக்காது. இன்னொண்ணு ஆன்டிபாடி. அது ஒரே ஒரு அடையாளத்தைத் தேடிப் போய் ஒட்டும்."

"ஒட்டி?" என்றார் எலியண்ணன்.

"ஒட்டினதப் பாத்து அவங்க உடம்பே அந்த செல்லக் கொல்லும்."

"அடையாளம் எப்படித் தெரியும் அதுக்கு?"

"அப்பா..." என்று மகள் முழங்கையால் இடித்தாள்.

"கேக்கட்டும்" என்றார் டாக்டர். "அந்த அடையாளத்துக்குன்னே செஞ்ச மருந்து அது. இந்த ரெண்டாவது மருந்து வந்தப்புறம்தான் இந்த நோய்ல நிலைமையே மாறிச்சு. இது இல்லாம ஆரம்பிக்க எனக்கு மனசு வராது." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எதுவாவது ஒத்துக்காதுன்னு உண்டா? மருந்து, சாப்பாடு?"

"கல்லக் குடுத்தாலும் கரைச்சிடுவேன் டாக்டர்."

"வீட்ல நாய், பூனை?"

"ஒண்ணும் கிடையாது" என்று முந்திக்கொண்டார் எலியண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் எந்தப் பிராணியும் இல்லை. எலி அவருக்குப் பிராணி அல்ல, வேலை.

மறுநாள் கண்ணாடி மேடத்தை மாடிப்படியில் மறித்தார். விஷயத்தைக் கேட்டதும் மேடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அந்த மருந்து நல்ல மருந்துண்ணே" என்றார்.

"நல்லதுன்னு அவங்களும் சொன்னாங்க. எப்படிச் செய்யுறாங்க? அதச் சொல்லுங்க."

"உங்களுக்கு அது தெரியாதா?" மேடத்துக்கு ஆச்சரியம். "மனுஷ செல்ல எலிக்குள்ள போட்டா, எலியோட உடம்பு 'இது நம்ம ஆள் இல்ல'ன்னு ஆன்டிபாடி செய்யும். ஆயிரம் தினுசு செய்யும். அதுல நமக்கு வேண்டிய ஒரே தினுச செய்யுற செல்லத் தனியாப் பிரிக்கணும். பிரிச்சா அது சீக்கிரம் செத்துடும். அதனால, சாகாமப் பெருகிக்கிட்டே இருக்கிற ஒரு புற்று செல்லோட அத ஒண்ணாக்கிடுவாங்க. அப்புறம் அது ஒரே தினுச செஞ்சுக்கிட்டே இருக்கும்."

"புத்துக்கு மருந்து செய்யப் புத்தா?"

"ஆமா."

எலியண்ணன் வாயைப் பிளந்தார். "அப்போ அவளுக்குப் போடப் போறது எலி மருந்தா?" என்றவர், சொன்னது காதில் விழுந்ததும், "ஐயையோ, எலி மருந்துன்னா வேற அர்த்தம்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மேடம் சிரித்துவிட்டார். "முழு எலி இல்லண்ணே. முழு எலியாப் போட்டா மனுஷ உடம்பு அதையே அந்நியம்னு எதிர்க்கும். அதனால மாத்திட்டாங்க. அடையாளத்தப் பிடிக்கிற நுனி மட்டும் எலியோடது. மீதி எல்லாம் மனுஷனோடது. இப்போ எலியே வேண்டாம், பெரிய பெரிய அண்டாவுல வேற செல்லு அதச் செஞ்சு தள்ளுது. அதுவும் ஹாம்ஸ்டர்னு ஒரு குண்டு எலியோட செல்லு."

"எலிக்கு வேலை போய், அந்த வேலைக்குக் குண்டு எலி வந்துடுச்சா! எங்க போனாலும் இதே கதைதான்."

அன்று பெட்டி மாற்றும்போது அவருக்குக் கை ஓடவில்லை. எந்தக் காலத்திலோ, ஏதோ ஓர் ஊரில், இதே போல ஒரு பெட்டியில், பெயர் இல்லாத ஒரு வெள்ளை எலி இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் அதற்குத் தண்ணீர் வைத்திருக்கிறார். அந்த எலி கண்டுபிடித்துக் கொடுத்த நுனிதான் இப்போது தன் வீட்டுக்கு வரப்போகிறது. பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்தார்.

செருப்பைக் கழற்றி நிமிர்ந்தார். மனைவி தும்மினாள்.

"அப்பா வந்தாச்சு" என்றாள் மகள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவளுக்கு எலி ஆகாது. இத்தனை வருடமாக ஆகவில்லை. அவருடைய முடியிலும் காதோரத்திலும் ஒட்டி வருகிற எலியே ஆகாதவளுக்கு, நரம்பு வழியாக எலியின் நுனியை ஏற்றினால் என்ன ஆகும்? சொன்னால் டாக்டர் அந்த மருந்தை நிறுத்திவிடுவார். 'இது இல்லாம ஆரம்பிக்க மனசு வராது' என்று சொன்ன மருந்து. சொல்லாவிட்டால், டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடைத்துவிட்டால்? இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் நிற்கவும் இடமில்லை.

"என்ன, இப்படி முழிக்கிறீங்க? எலி அம்மணமாப் போகுதுன்னா ஏதோ இருக்கு" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, வேலை அதிகம்."

அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. தும்மலுக்குக் காரணம் எலியாக இல்லாமல் மரச்சீவலின் தூசியாக இருக்கலாம். பெட்டி மாற்றும்போது அறை முழுக்கப் பறப்பது அதுதானே. தூசியாக இருந்துவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்வது எப்படி? இத்தனை காலம் ஆய்வுக்காரர்கள் நடுவில் இருந்தவருக்கு அது தெரியாதா என்ன! ஒரு நாள் ஒன்றைக் காட்ட வேண்டும், மறுநாள் மற்றொன்றை. இடையில் வேறு எதுவும் மாறக் கூடாது. முக்கியமாக, சோதனைக்கு உட்படுகிறவருக்கு விஷயம் தெரியக் கூடாது.

விடுமுறை நாளில், தலைக்குக் குளித்துவிட்டு, எலி தொடாத புதுச் சீவல் ஒரு பை கொண்டுவந்து, அவள் உட்காரும் நாற்காலியின் மெத்தைக்கு அடியில் செருகினார். எதிரில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டார். அவள் வந்து உட்கார்ந்தாள், துணி மடித்தாள், மகளை அதட்டினாள். தும்மவே இல்லை. தாளில் ஒரு வரிகூட அவர் கண்ணில் ஏறவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் அதே நாற்காலி, அதே மெத்தை. இந்த முறை எலிப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்த கைக்குட்டை. அவள் உட்கார்ந்ததும் தும்மினாள். பிறகு விடாமல் தும்மினாள். கண் சிவந்து வீங்கியது. அவர் எழுந்து ஓடி ஜன்னலைத் திறப்பதற்குள், அவள் நெஞ்சிலிருந்து பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. மூச்சுதான் அப்படிக் கத்தியது.

தெருமுனை மருத்துவமனையில் முகமூடி மாட்டி, மருந்துப் புகையை இழுக்க வைத்தார்கள். சத்தம் மெல்ல அடங்கியது. வீடு திரும்பியதும் மகள் நாற்காலியை உதறினாள். கைக்குட்டை கீழே விழுந்தது. அவளுக்கு அதன் நாற்றம் தெரியும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன கட்டடத்தின் நாற்றம் அது.

"அப்பா, இது எப்படி இங்க வந்துச்சு?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மேடம் சொன்னது, எலியின் நுனி, சீவல், கைக்குட்டை, எல்லாவற்றையும் சொன்னார். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்போ என்னை எலியாக்கிட்டீங்க" என்றாள் கடைசியில். பேருந்து தாமதம் என்று சொல்கிற அதே சீரான குரல்.

"இல்ல, உனக்கு... நான் பயந்துட்டேன்."

"பயந்தா பொண்டாட்டிகிட்ட சொல்லுவாங்க. மெத்தைக்கு அடியில வைக்கமாட்டாங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மூக்க நீட்டியிருப்பேனே! கழுத்து யாருடையது, கட்டி யாருடையது?" மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள். "பழக்கதோஷம். உங்க எலிங்ககிட்டயும் யாரும் கேக்கிறதில்ல."

அவர் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறார். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வெகுநேரம் கழித்து, மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்த நுனி எவ்வளவு இருக்கும்?"

"என்ன?"

"எலியோட நுனி. எவ்வளவு இருக்கும்? கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தூசியவிடச் சின்னது. தூசிக்கும் தூசி."

"ஊர்ல எல்லாரும் மலையக் கெல்லி எலியப் பிடிப்பாங்க. இவங்க எலியக் கெல்லி மருந்து பிடிச்சிருக்காங்க." உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. "நாளைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்றேன். நீங்க வாயத் திறக்கக் கூடாது. கேள்வி மட்டும் கேட்டுக்கலாம்."

"மருந்த நிறுத்திட்டா?"

"நிறுத்தினா நிறுத்தட்டும். மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சுத் தெரிஞ்சுக்கிறதவிட எதிர்ல உக்காந்து தெரிஞ்சுக்கலாம்."

டாக்டர் முழுக்கக் கேட்டார். கைக்குட்டை வரும்போது மட்டும் எலியண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "எலியோட பொடுகுலயும் மூத்திரத்துலயும் இருக்கிற புரதம் வேற. இந்த மருந்துல இருக்கிற எலிப் பகுதி வேற. பெரும்பாலும் ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் சம்பந்தம் இருக்காது. ஆனா, பெரும்பாலும்ங்கிற வார்த்தைய நம்பி நான் டிரிப் போடமாட்டேன்."

"நிறுத்திடுவீங்களா?" வாயைத் திறக்கக் கூடாது என்பது மறந்துவிட்டது. ஆனால் இது கேள்விதானே.

"சோதிப்பேன். தெரிஞ்சே சோதிப்பேன்" என்று அந்த வார்த்தையை டாக்டர் அழுத்தினார். "ஒத்துக்கலைன்னா, இதே வேலையச் செய்யுற, இன்னும் மனுஷத்தனமா மாத்தின மருந்தும் இருக்கு. ஆனா அவங்க நோய்க்கு எனக்குக் கை பழகினது இதுதான். முதல்ல இதப் பாப்போம்."

ஒவ்வாமை டாக்டரின் அறையில் அவள் முன்கையை மேசைமேல் நீட்டினாள். வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றையும் ஊசி நுனியால் லேசாகக் குத்தினார்கள். ஒன்று வெறும் உப்புநீர், ஒன்று எலியிலிருந்து எடுத்தது, ஒன்று அந்த மருந்தை நீர்க்க வைத்தது. எலியண்ணன் குனிந்து பார்த்தார்.

"நகருங்க, நிழல் விழுது" என்றார் ஒவ்வாமை டாக்டர்.

எலி வைத்த இடம் கொசுக்கடி போலத் தடித்து, பிறகு காசளவு பரவியது. அவள் அரிப்பைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். மருந்து வைத்த இடம் எதுவுமே நடக்காத மாதிரி கிடந்தது. அதையே குத்திட்டுப் பார்த்தார்கள் மூன்று பேரும். அடுத்து, அதைத் தோலுக்கு அடியில் கொஞ்சமாகச் செலுத்தி, மறுபடி காத்திருந்தார்கள். அப்போதும் தடிக்கவில்லை.

"இது நூறு சதவீதம் உத்தரவாதம் இல்ல. ஆனா கதவு திறந்திருக்கு. மெதுவாப் போகலாம்" என்றார் ஒவ்வாமை டாக்டர்.

மருந்து ஏற்றுகிற நாளுக்கு முன்பே மகள் அப்பாவுக்குப் புதுச் சட்டையும் கால்சட்டையும் வாங்கிவிட்டாள். பை பிரிக்காமல் இருந்தது. ஆராய்ச்சி நிலையத்தின் காற்றே படாத துணி என்பது நிபந்தனை. அளவு பார்க்காமல் வாங்கியதால் சட்டை தொளதொளத்தது. "எலி வளையானாலும் தனி வளைன்னு சொல்லுவாங்க. இதுல ஒரு குடும்பமே இருக்கலாம்" என்று மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

பெரிய அறை. சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பை. ஆண் செவிலியர் ஒருவர் முன்னெச்சரிக்கை மருந்துகளைப் போட்டார். அவசர மருந்துத் தட்டைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். பிறகு டிரிப்பைத் திறந்தார். சொட்டு, நீண்ட இடைவெளி, இன்னொரு சொட்டு.

பக்கத்து நாற்காலியில் தையல்காரப் பெண் ஒருவர், வேறு ஒரு பை ஏறிக்கொண்டிருக்க, விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். எலியண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்களுக்கும் புத்தாங்க?"

"இல்லைங்க, மூட்டு. என் உடம்பே என் மூட்டக் கடிக்குதாம். ஊசிகூடப் பிடிக்க முடியாம இருந்தேன்."

"அப்போ உங்களுக்கும் ஆன்டிபாடியா? எலி உண்டா அதுல?"

அந்தப் பெண் தன் பையை நிமிர்ந்து சந்தேகமாகப் பார்த்தார். "எலியோ புலியோ தெரியாதுங்க. விரல் மடங்குது, அது போதும்."

"பேசாம உக்காருங்க" என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரி முழுக்க எலியப் பரப்பிடுவார் இந்த மனுஷன்."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு நடுங்கியது. பிறகு தோள். பிறகு உடல் முழுவதும் நாற்காலியோடு சேர்த்து ஆட்டம் கண்டது. பல் கிட்டிக்கொண்டது. அவர் எழுந்துவிட்டார். தன் கையை அவள்மேல் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், காற்றிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

செவிலியர் நிதானமாக வந்து டிரிப்பை நிறுத்தினார். நாக்கை நீட்டச் சொன்னார், தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், கையைத் திருப்பித் தோலைப் பார்த்தார். போர்வை மேல் போர்வையாகப் போர்த்தினார்.

"எலிதானா?" என்றார் எலியண்ணன்.

"எலியும் இல்ல, பூனையும் இல்ல. மூச்சு சுத்தமா இருக்கு. தோல்ல தடிப்பு இல்ல. இது குளிர்நடுக்கம். முதல் தடவை நிறையப் பேருக்கு வரும். மருந்து உள்ள போய் வேலைய ஆரம்பிச்சதும், உடையுற செல்லெல்லாம் கலாட்டா பண்ணும். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், வர்றாங்க."

டாக்டர் வந்தார், பார்த்தார், இன்னொரு மருந்து போடச் சொன்னார். நடுக்கம் அடங்கக் காத்திருந்தார்கள். பிறகு, "மறுபடி ஆரம்பிக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார். கேட்டது எலியண்ணனை அல்ல, மகளையும் அல்ல.

மனைவி போர்வைக்குள்ளிருந்து தலையை ஆட்டினாள். "ஆரம்பிங்க."

சொட்டு முன்னைவிட மெதுவாக விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் போய் வெயில் தரையில் நீளும்வரை அவள் தூங்கினாள், விழித்தாள், தண்ணீர் கேட்டாள், மறுபடி தூங்கினாள். வேறு எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காமலிருப்பது இவ்வளவு நல்ல விஷயம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பை சுருங்கித் தட்டையானபோது செவிலியர் குழாயைக் கழற்றி, "முடிஞ்சுது" என்றார்.

சிகிச்சை நடக்கிற காலத்தில் எலியின் பொடுகு வீட்டுக்குள் வரவே கூடாது என்று ஒவ்வாமை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எலியண்ணன் மேலாளரிடம் போய் இடம் மாற்றிக் கேட்டார். எலிக் கட்டடத்திலிருந்து வந்தவரை வேறு எங்கே போடுவது என்று மேலாளர் யோசித்து, கண்ணாடிக் குடுவைகள் கழுவும் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஜன்னல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, காற்றும் வந்தது. எல்லாம் சுத்தமாக இருந்தது. அவருக்குத்தான் கை எதையோ தேடியது. புதிதாக வந்த ஆள் செண்ட் பூசிக்கொண்டு எலியறைக்குள் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று மட்டும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியின் பேச்சும் உள்ளே உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. முன்பெல்லாம் 'இது எதுக்கு' என்று கேட்பார். இப்போது குடுவை கழுவும்போது, 'அதுங்களுக்கு வலிக்குமா, வலிக்காம என்ன செய்யுறீங்க' என்று கண்ணாடி மேடத்தைக் கேட்கிறார். மேடம் இந்தக் கேள்விக்கும் நின்று பதில் சொல்கிறார். சில நேரம், பதில் இல்லை என்று சொல்கிறார்.

மனைவிக்கு முடி கொட்டியது, வாயில் ருசி போனது, சில நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அது கீமோவின் வேலை என்றார்கள். ஆன்டிபாடி மட்டும் இரண்டாம் முறையிலிருந்து சாதுவாக ஏறியது.

சில சுற்றுகள் முடிந்து ஒரு காலையில், டாக்டர் அவள் கழுத்தில் விரல் வைத்தார். இடப் பக்கம் காதுக்குக் கீழே அழுத்தினார். கொஞ்சம் கீழே போனார், மறுபடி மேலே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு தேடினார். மகள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

மனைவி டாக்டரின் விரலைப் பிடித்து, தானே கொண்டுபோய் வைத்தாள். "இங்கதான். கோலிக்குண்டு மாதிரி."

டாக்டர் அங்கேயும் அழுத்திப் பார்த்தார். "படம் எடுத்துத்தான் உறுதியாச் சொல்லணும்" என்றவர் சிரித்தார். "ஆனா என் கைக்குக் கிடைக்கல."

மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். மனைவி அவள் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எலியண்ணனுக்கும் கண் கலங்கியது. ஆனால் அதற்கு முன்னால் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"டாக்டர், அவ்வளவு பெரிசா இருந்துச்சே. கையால தொட்டுப் பாத்தோமே. அது எங்க போச்சு?"

"ஆரம்பிச்சிட்டார்" என்றாள் மனைவி. பிறகு மகளின் தலையைத் தடவியபடியே டாக்டரைப் பார்த்தாள். "ஆமா டாக்டர், எங்க போச்சு? என் கழுத்துல இருந்தது. எனக்கும் தெரியணும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வரிசை நின்றது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.